சண்டையே நடக்காத நந்தம்பாக்கத்தில் 850 போர்க் கல்லறைகள் எப்படி வந்தன?

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், ஒரு மதிலும் அதற்குப் பின்னால் சீராக வெட்டிய புல்வெளியும் வரும். வண்டியில் போகிறவர்கள் ஏதோ பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கடந்தேன். அது மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த 850-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள்.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று விதமான பதில் வரும். "எம்டன் குண்டு போட்டப்போ செத்தவங்கடா" என்பார் ஒருவர். "ஜப்பான்காரன் கூட இங்கதான் சண்டை நடந்திருக்கும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ரொம்பத் தெரிந்தவர் மாதிரி, "வெறும் கல்லுதான், உடம்பையெல்லாம் அப்பவே லண்டனுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்பார். மூன்றுமே தப்பு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு வீசியது 1914 செப்டம்பரில், அதாவது முதல் உலகப் போரில். நந்தம்பாக்கத்தில் புதைக்கப்பட்டவர்கள் இரண்டாம் போர்க் காலத்தவர்கள். சென்னையில் தரைச் சண்டை எதுவும் நடக்கவில்லை. உடல்கள் லண்டனுக்கும் போகவில்லை.

அப்படியானால் இவர்கள் யார், எங்கே இறந்தார்கள், எழுபது வருடத்துக்கும் மேலாக இந்தப் புல்லை வெட்டிக்கொண்டிருப்பது யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லறைத் திருநாளிலிருந்து தொடங்கலாம்

நவம்பர் 2-ஆம் தேதி எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். முந்தின நாளே புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, பெயர் எழுதிய இடத்தில் கறுப்புப் பெயின்ட் தடவி, சாயங்காலம் மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவுமாக ஜனம் நிறைந்திருக்கும். ஆனால் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்ப் பாருங்கள். யாரும் வராத கல்லறைகளும் இருக்கும். பிள்ளைகள் வெளிநாடு போயிருப்பார்கள், அல்லது வம்சமே முடிந்திருக்கும். சிமெண்ட் வெடித்து, பெயர் மறைந்து, எருக்கஞ்செடி முளைத்திருக்கும். இடம் தட்டுப்பாடான நகரங்களில் சில வருடம் கழித்து அதே குழியில் இன்னொருவரை வைப்பதும் உண்டு.

ஒரு கல்லறை நிற்பதும் அழிவதும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சரி, இப்போது 1915-இல் பிரான்ஸ் போர்முனையை நினைத்துப் பாருங்கள். இறந்தவனுக்கு இருபது வயது. அம்மா கடல் தாண்டி ஸ்காட்லாந்திலோ, ஆஸ்திரேலியாவிலோ, கார்வாலிலோ இருக்கிறாள். அவள் வந்து வெள்ளையடிக்கப் போவதில்லை. கூட இருந்தவர்கள் அவசரமாகப் புதைத்து ஒரு மரச்சிலுவையில் பென்சிலால் பெயர் எழுதி நட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி பீரங்கிக் குண்டு விழுகிறது.

அப்போது செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவு ஒன்றை நடத்திக்கொண்டு அங்கே இருந்தவர் ஃபேபியன் வேர். படையில் சேர முயன்று, வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். இந்தக் கல்லறைகளை யாரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார்: யார், எந்தப் படைப்பிரிவு, எந்த இடம். அந்த நோட்டு வேலைதான் வளர்ந்து 1917 மே மாதம் அரச சாசனத்தின் மூலம் ஓர் ஆணையமாக ஆனது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இனி வெறும் 'ஆணையம்' என்றே சொல்கிறேன். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேருக்கு, 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அது பொறுப்பு.

இந்த விஷயத்தில் முதலில் வந்தது கல் அல்ல, பதிவேடு. ரேஷன் கார்டு மாதிரிதான். அட்டையில் பெயர் இருந்தால் அரிசி உண்டு. இங்கே பதிவேட்டில் பெயர் இருந்தால் கல் உண்டு. கடைசிவரை இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் 'போரில் இறந்தவர்'?

குழப்பத்தில் பாதி இந்த வார்த்தையில் இருக்கிறது. போரில் இறந்தவர் என்றால் குண்டடி பட்டு விழுந்தவர் என்று நினைக்கிறோம். ஆணையத்தின் கணக்கு வேறு. குறிப்பிட்ட காலத்துக்குள், படைப் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் போதும், காரணம் எதுவானாலும் சரி. மலேரியாவில் இறந்தவர், ஜீப் கவிழ்ந்து இறந்தவர், பயிற்சி விமானம் நொறுங்கி இறந்தவர், காலராவில் போனவர் எல்லோரும் 'போர்க்கால மரணம்' என்ற ஒரே கணக்கில் வருவார்கள்.

அந்தக் காலம் எது என்றும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. சண்டை நின்ற பிறகும் சில வருடம் நீள்கிறதே என்று தோன்றும். காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும், வீடு திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் விட்டுப்போகக் கூடாதே. நாள் கணக்கு கறார்தான். 1948 ஜனவரி 1-ஆம் தேதி இறந்தவருக்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது.

இப்போது நந்தம்பாக்கம் கொஞ்சம் புரியும். இரண்டாம் போரில் தென்னிந்தியா போர்முனை அல்ல, பின்புலம். முகாம்கள், ராணுவ ஆஸ்பத்திரிகள், விமானத் தளங்கள், துறைமுகம், காட்டுப் போர்ப் பயிற்சி எல்லாம் இங்கே நடந்தன. இவ்வளவு பேர் திரண்ட இடத்தில் நோயும் விபத்தும் இல்லாமல் இருக்குமா? இறந்தவர்களை அந்தந்த ஊர் கன்டோன்மென்ட் கல்லறையிலோ சர்ச் கல்லறையிலோ புதைத்தார்கள்.

போர் முடிந்து, நாடும் சுதந்திரம் அடைந்த பிறகு, இங்கே இரண்டு அங்கே நான்கு என்று சிதறிக் கிடந்த அந்தக் கல்லறைகளை யார் பார்த்துக்கொள்வது? காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்று தோன்றிய இடங்களிலிருந்து உடல்களைத் தோண்டியெடுத்து ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். இதைத்தான் 'ஒன்றுசேர்த்தல்' என்கிறேன். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த பல கல்லறைகளை அப்படிச் சேர்க்க 1952-இல் உருவாக்கிய தோட்டம்தான் நந்தம்பாக்கம். அங்கே புதைந்திருப்பவர்கள் அங்கே இறந்தவர்கள் அல்ல.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பார்த்துக்கொள்ள உறவு இல்லாத கல்லறைக்கு உறவாக நிற்பது ஆணையம். அதன் கணக்கில் வர குண்டடி தேவையில்லை, பணியில் இருக்கும்போது குறித்த காலத்துக்குள் இறந்திருந்தால் போதும். சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்த்ததால்தான் சண்டை நடக்காத ஊரில் இவ்வளவு கல்லறைகள்.

உடல் இல்லாதவருக்கு என்ன செய்வது?

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு கட்டத்தில் மனதைத் தேற்றிக்கொண்டு, படத்தை வைத்துக் காரியத்தை முடிக்கிறோம். போரிலும் அதேதான். உடலும் கல்லும் ஒரே இடத்தில் இருந்தால் அது கல்லறை. உடல் கிடைக்காமல், பெயரை மட்டும் ஒரு சுவரிலோ தூணிலோ பொறித்தால் அது நினைவுச்சின்னம். இரண்டையும் பத்திரிகைகளே போட்டுக் குழப்புகின்றன.

பிரான்சில் தியெப்வால் நினைவுச்சின்னத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பெல்ஜியத்தின் ஈப்ர் நகரிலுள்ள மெனின் வாயிலில் 54,000-க்கும் மேல். அந்த வாயிலில் 1928 முதல் தினமும் இரவு எட்டு மணிக்கு உள்ளூர்க்காரர்கள் எக்காளம் ஊதுகிறார்கள், இடையில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் தவிர. நம் டெல்லி இந்தியா கேட்டும் இந்த வகைதான். 1931-இல் திறந்தது, 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் கல்லில் இருக்கின்றன. பிக்னிக் போகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இந்தியப் படைவீரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்துக்களையும் சீக்கியர்களையும் தகனம் செய்தார்கள், ஆகவே கல்லறைக்கு வாய்ப்பே இல்லை. நாகாலாந்தின் கோஹிமாவில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. அதே குன்றின் மேல்பக்கத்தில் தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனியே ஒரு சின்னத்தில் இருக்கின்றன.

நந்தம்பாக்கத்துக்குள்ளேயே முதல் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் தாங்கிய ஒரு நினைவுச்சின்னமும் நிற்கிறது. இவர்களுக்கு எங்கோ ஓர் ஊரில் கல்லறை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைக் காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்று பெயரை மட்டும் இங்கே கொண்டு வந்தார்கள். என் எம்டன் நண்பருக்கு முதல் போர் ஞாபகம் வந்தது ஒருவேளை இதைப் பார்த்துத்தானோ என்னவோ.

பெயர் கல்லில் ஏறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பிரான்சில் உழும்போதும் பள்ளம் தோண்டும்போதும் இன்னமும் எலும்புகள் கிடைக்கின்றன. ஃப்ரொமெல் என்ற ஊரில் 2009-இல் ஒரே இடத்திலிருந்து 250 பேரின் உடல்களை எடுத்து, மரபணுச் சோதனை நடத்திப் பலருக்குப் பெயர் கண்டுபிடித்து, புதிதாக ஒரு கல்லறைத் தோட்டமே அமைத்தார்கள். அப்படி ஒருவருக்குச் சொந்தக் கல்லறை கிடைத்துவிட்டால் சுவரிலுள்ள அவர் பெயரைப் பிறகு நீக்கிவிடுவார்கள். ஒருவருக்கு ஓரிடம்தான்.

எல்லோருக்கும் ஒரே கல்

இன்று பார்க்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயத்துக்காக அன்று பெரிய சண்டையே நடந்தது.

பழைய வழக்கம் தெரியுமல்லவா? தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குக் குழி. பணமிருந்தால் உடலை ஊருக்கே கொண்டு போகலாம். 1915 ஏப்ரலில், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் பிரான்சில் இறந்தபோது, மேலிடத்து அனுமதியோடு உடலை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். ஏழை வீட்டுப் பையனுக்கு அது நடக்குமா என்ற கேள்வி எழுந்தது. அதன்பின் யார் உடலையும் கொண்டுபோகக் கூடாது என்று தடை வந்தது. விழுந்த நாட்டிலேயே அடக்கம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி கல். பணக்காரக் குடும்பங்கள் மட்டுமல்ல, மகன் எலும்பையாவது வீட்டுப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்ட எளிய தாய்மார்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, ஒரே கல் என்ற கொள்கையே நிலைத்தது.

அந்தக் கல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38, மேல்விளிம்பு லேசாக வளைந்திருக்கும். உச்சியில் படைப்பிரிவின் முத்திரை. கீழே பணி எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. நடுவில் மதச் சின்னம். நிலம் நிலையில்லாத சில இடங்களில் நிமிர்ந்த கல்லுக்குப் பதிலாகத் தாழ்ந்த பீடத்தில் வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். கோஹிமாவில் அப்படித்தான்.

கல்லின் அடியில் ஒரு சின்ன இடம் குடும்பத்துக்கு. முதல் போருக்குப் பிறகு, இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள், ஓர் எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம். யோசித்துப் பாருங்கள், செத்த மகனுக்கு என்ன எழுதுவது என்று ஓர் அம்மா எழுத்தெண்ணிக் காசு கணக்குப் போடுகிறாள். எல்லோருக்கும் சமம் என்று சொல்லிவிட்டு இதென்ன என்று நியூசிலாந்து அரசு அந்த வரியே வேண்டாம் என்றது. கடைசியில் கட்டணத்தை விருப்பப்பட்டால் கொடுங்கள் என்று மாற்றினார்கள்.

பெயர் தெரியாத உடல்களின் கல்லில் 'கடவுளுக்கு மட்டுமே தெரிந்தவர்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் 1915-இல் பிரான்சில் காணாமல் போனான். கிப்ளிங் சாகும்வரை மகனின் கல்லறை எதுவென்று தெரியவில்லை.

புல் வெட்டுவது யார், காசு யாருடையது?

ஆணையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். ராணுவத்தார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானோர் தோட்டக்காரர்கள், கல் வேலைக்காரர்கள்.

வேலை என்ன என்று கேட்டால் முதலில் மண்ணோடும் மழையோடும் மல்லுக்கட்டுவதுதான். பெருமழையில் மண் தெறித்துக் கல்லின் அடிப்பகுதி சிவப்பாகிவிடும். அதற்காகவே கல்லையொட்டிக் குட்டைச் செடிகளை வரிசையாக வைக்கிறார்கள். அழகுக்கென்று நாம் நினைக்கிற அந்தப் பூச்செடி உண்மையில் சேறு தடுக்கும் வேலியும்தான். கற்கள் நூல் பிடித்த மாதிரி நிற்பதற்குப் பல இடங்களில் மண்ணுக்கடியில் கான்கிரீட் உத்தரம் போட்டு அதில் கல்லைச் செருகியிருப்பார்கள், இல்லாவிட்டால் நாலு மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாயும். பாசி பிடித்தால் கழுவ வேண்டும், ஆனால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் எழுத்து போய்விடும். எழுத்து மங்கினால் மறுபடி வெட்ட வேண்டும், அதற்கும் வழியில்லை என்றால் புதுக் கல். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் அர்த்தம் இதுதான்: திரும்பத் திரும்பச் செய்வது.

செலவை ஆறு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா. பிரிட்டனின் பங்கு சுமார் 78 சதவீதம், இந்தியாவினுடையது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு போர்களிலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருக்கும்போது பங்கு ஏன் இவ்வளவு குறைவு? கல்லறைகளின் எண்ணிக்கையை வைத்துப் பங்கு பிரித்தார்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை, சுவரில் பெயர்தான்.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசில்லை. தாத்தாவோ அவர் தம்பியோ பர்மாவில் இறந்தார் என்ற பேச்சு வீட்டில் இருந்தால் ஒருமுறை முயன்று பாருங்கள். யாங்கோன் அருகே தௌக்யானில் சுமார் 27,000 பெயர்களோடு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு இன்னொன்று. நம் பெயர்களை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாமல் நாலைந்து விதமாகத் தேடுங்கள். சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும்.

கல்லுக்கு முன்னால் நிலம்

பட்டா இல்லாத வீட்டை எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் பயம் போகாது. கல்லறைக்கும் அப்படித்தான். பிரான்ஸ் 1915 டிசம்பரிலேயே சட்டம் போட்டு, நேச நாட்டு வீரர்கள் புதைந்த நிலத்தைக் காலவரையறை இல்லாமல் விட்டுக்கொடுத்தது. மற்ற நாடுகளோடும் இப்படி ஒப்பந்தங்கள் வந்தன. ஒப்பந்தம் இருந்தும் அசைவதுண்டு. ஈராக்கில் பாஸ்ரா துறைமுகத்தருகே 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக நின்ற நினைவுச்சின்னத்தை, அந்த இடம் ராணுவ முக்கியத்துவம் உள்ளது என்று 1997-இல் அரசு ஆணை போட்டு 32 கிலோமீட்டர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள்.

ஒப்பந்தமே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஈழத்தவர்களிடம் கேட்க வேண்டும். 2009-க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள், அதாவது விடுதலைப் புலிகள் தங்கள் போராளிகளைப் புதைத்த தோட்டங்கள், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தில் ராணுவ முகாமே எழுந்தது. அதே தீவில், திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் சாலையில், பிரிட்டிஷ் காலப் போர்க் கல்லறைத் தோட்டம் கல் கலையாமல் நிற்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. நிலத்தின் மேல் யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவர் கையில்தான் கல்லறையின் ஆயுளும் இருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

ஆக, ஒரு போர்க் கல்லறை நிற்க மூன்று வேண்டும்: பதிவேட்டில் பெயர், கைவிட்டுப் போகாத நிலம், மாதாமாதம் சம்பளம் வாங்கும் தோட்டக்காரர். இதில் முதலாவது இல்லாதவர்களைப் பற்றி இன்னும் பேசவில்லை.

பதிவேட்டில் ஏறாதவர்கள்

எல்லோரும் சமம் என்ற கொள்கை ஐரோப்பாவில் பெரும்பாலும் நடந்தது, ஐரோப்பாவுக்கு வெளியே அப்படி நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையமே அமைத்த குழு ஓர் அறிக்கை கொடுத்தது. முதல் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களிலும் தொழிலாளர் படையினரிலும் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்று அது சொன்னது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. சற்றுமுன் சொன்ன பாஸ்ரா சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். 'இத்தனை பேர்' என்று ஓர் எண்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் தாய்லாந்தில் இருக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். நம்மவர்கள் சயாம் மரண ரயில்பாதை என்பது அதைத்தான். போர்க் கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். பாதையோரம் புதைக்கும்போது, மாட்டினால் அடி உதை என்று தெரிந்தும், கைதிகளே ரகசியமாகக் குறித்து வைத்தார்கள்: எந்த முகாம், எத்தனையாவது குழி, யார். போர் முடிந்த 1945-இலேயே ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய், 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த உடல்கள்தான் இன்று காஞ்சனாபுரி உள்ளிட்ட மூன்று தோட்டங்களில் பெயரோடு இருக்கின்றன. காஞ்சனாபுரியில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேர்.

அதே பாதையில், அதே காலராவில், அதே மழையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் கணிசமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்கள் படைவீரர்கள் அல்ல, ஆகவே ஆணையத்தின் கணக்கில் வரமாட்டார்கள். யாரும் நோட்டில் குறிக்கவும் இல்லை. காஞ்சனாபுரி தோட்டத்தில் ஒரு கைதியின் பெயரைச் சொன்னால் எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று காட்டிவிடுவார்கள். தோட்டத் தொழிலாளிக்கு இருப்பது, மலேசியாவில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பாட்டி சொல்லி வைத்துவிட்டுப் போன பேச்சுதான்: சயாமுக்குப் போனார், வரல.